முகவரியைப் பார்த்து நுரையீரலை மதிப்பிடாதீர்கள்

உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்குப் பொறுப்பான சுகாதார அதிகாரிகளுக்கும், மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளைப் பரிசீலிக்கும் வைத்தியர்களுக்கும்,

மூளைச்சாவு அடைந்து உறுப்புதானம் செய்த என் தம்பியின் கோப்பில் நுரையீரலுக்கு எதிரே ஒரே ஒரு வரி இருக்கிறது: தோட்டம், விறகுப் புகை, காசநோய் இருக்கலாம், பரிசீலிக்கப்படவில்லை. அந்த வரியை என்னால் பேசாமல் விழுங்கிக்கொண்டு இருக்க முடியவில்லை. உங்களுக்குத் தனியாக எழுதிப் பார்த்தேன். "மருத்துவ ரீதியில் பொருத்தமற்றது" என்று சிங்களத்தில் ஒரு பதில் வந்தது. அதனால் இதைப் பகிரங்கமாக எழுதுகிறேன்.

அவனுக்கு 26 வயது. ஹட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீட்டில், பிறந்து வளர்ந்தோம். உயர்தரம் எழுதிய கையோடு அவன் கொழும்புக்குப் போய்ப் புறக்கோட்டையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலைக்கு நின்றான். தீபாவளி லீவுக்கு வீட்டுக்கு வந்தவன், மழை ஈரத்தில் மோட்டார் சைக்கிள் வழுக்கி மதகில் தலை அடிபட விழுந்தான். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்ததும் அவசர அம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் முடிந்ததை எல்லாம் செய்தார்கள். அந்தச் சிகிச்சை பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. பிறகு மூளைச்சாவு என்றார்கள். உறுப்புதானம் பற்றிக் கேட்டபோது அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் எடுத்துக்கச் சொல்லு, யாராவது நல்லா இருக்கட்டும்" என்றார்.

இரண்டு சிறுநீரகங்களையும் எடுத்தார்கள். கண்களையும் எடுத்தார்கள். நுரையீரலை எடுக்கவில்லை. ஏன் என்று அம்மா கேட்டபோது, வாசலில் நின்ற ஒருவர் "தோட்டத்து ஆட்கள்தானே, அடுப்புப் புகை, லங்ஸ் சரிவராது" என்று சொல்லிவிட்டுப் போனார். அது அவருடைய வாய்தவறிய பேச்சாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்துக் கோப்பின் பிரதியை வாங்கிப் பார்த்தபோது, அதே பேச்சு எழுத்தில் இருந்தது. ஆஸ்பத்திரியின் பெயரை இங்கே எழுதவில்லை. ஒருவரை மாட்டிவிடுவது என் நோக்கமில்லை. இப்படி ஒரு காரணத்தை எழுதினால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை ஒரு தனி ஆளிடம் மட்டும் இருக்கிற ஒன்றாக எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் சொல்லக்கூடிய ஒரு பதிலை நானே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டில் நுரையீரல் மாற்று, சிறுநீரக மாற்றுப் போல வழமையான சிகிச்சையாக இன்னும் ஆகவில்லை. 2017-ல் கண்டியில் முதல் இதய மாற்றுச் சத்திரசிகிச்சை நடந்ததே எங்களுக்கெல்லாம் பெரிய செய்தி. ஆகவே "அந்த நேரத்தில் நுரையீரலைப் பொருத்துவதற்கு ஏற்பாடு இருக்கவில்லை" என்று எழுதியிருந்தால் நான் தலையாட்டிவிட்டுப் போயிருப்பேன். "பொருத்தமான நோயாளி இல்லை" என்று எழுதியிருந்தாலும் சரி. கோப்பில் அந்தக் காரணம் எதுவும் இல்லை. இருப்பது எங்கள் தோட்டம். நாளைக்கு இந்தச் சிகிச்சை இங்கே பரவலாகும்போது இந்த வரியும் ஒரு வழக்கமாக வந்து ஒட்டிக்கொள்ளும் என்ற பயத்தில்தான் இப்போதே எழுதுகிறேன்.

நான் விஞ்ஞான ஆசிரியை, வைத்தியர் இல்லை. ஆனாலும் தானமாக வரும் நுரையீரலை எப்படி மதிப்பிடுவார்கள் என்பது இரகசியம் ஒன்றும் இல்லை. உலகம் முழுக்கக் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். வயது 55-க்குக் கீழேயா. புகைத்தவர் என்றால் எவ்வளவு. ஒரு நாளைக்கு ஒரு பெட்டி வீதம் 20 வருடத்துக்கு மேலா, குறைவா. நெஞ்சு எக்ஸ்ரே தெளிவா. நெஞ்சில் அடி உண்டா. வாந்தியோ இரத்தமோ மூச்சுக்குழாய்க்குள் இறங்கியிருக்கிறதா. குழாய்க்குள் கெமரா விட்டுப் பார்த்தால் சீழ்ச்சளி தெரிகிறதா. அப்புறம் எல்லாவற்றிலும் முக்கியமானது: வென்டிலேட்டரில் 100 வீத ஒட்சிசன் கொடுத்துச் சிறிது நேரம் வைத்து, நாடியிலிருந்து இரத்தம் எடுத்து, அதில் ஒட்சிசனின் அமுக்கம் 300 மில்லிமீற்றர் இரசத்துக்கு மேலே இருக்கிறதா என்று பார்ப்பது. இதெல்லாம் சரியாக இருந்தாலும் முடிவு அதோடு தீராது. நெஞ்சைத் திறந்த சத்திரசிகிச்சை நிபுணர் நுரையீரலைக் கண்ணால் பார்த்து, கையால் தடவிக் கட்டி, தழும்பு, இறுகிய இடம் இருக்கிறதா என்று தேடி, காற்றை நிறுத்தியதும் அது தானாகச் சுருங்குகிறதா என்று பார்த்த பிறகே கடைசிச் சொல்லைச் சொல்கிறார்.

தம்பியின் கோப்பில் இதில் எது இருக்கிறது? அனுமதித்த அன்று எடுத்த நெஞ்சு எக்ஸ்ரே இருக்கிறது. குறை ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறது. 100 வீத ஒட்சிசனில் எடுத்த இரத்த வாயுப் பரிசோதனை இல்லை. ஆனால் 40 வீதத்தில் எடுத்தது ஒன்று இருக்கிறது. அமுக்கம் 128. 100 வீதத்துக்கு ஒப்பிட அதை 0.4 ஆல் வகுத்தால் 320. இது ஒன்றே போதும் என்று நான் வாதாட வரவில்லை. 100 வீதத்தில் மறுபடி பார்த்திருந்தால் இறங்கியிருக்கலாம், ஏறியும் இருக்கலாம். பார்ப்பதற்கான காரணம் அந்த எண்ணில் இருந்தது, அவ்வளவுதான். கெமரா விட்டுப் பார்க்கவில்லை. சளியைச் சோதிக்கவில்லை. சிகரெட் குடிப்பானா என்றுகூட எங்களிடம் யாரும் கேட்கவில்லை. குடிக்க மாட்டான்.

சிறுநீரகத்துக்குக் கிரியேட்டினின் பார்த்தீர்கள். கல்லீரலுக்கு இரத்தப் பரிசோதனை பார்த்தீர்கள். நுரையீரலுக்கு மட்டும் அடையாள அட்டையைப் பார்த்தீர்கள். அந்த அட்டையில் இருந்த தோட்டத்தில் அவன் கடைசி ஏழு வருடமாக வசிக்கவே இல்லை.

எங்கள் மலையில் இதற்கு நேரான ஒரு காட்சி உண்டு: கூடையை இறக்கி நிறுக்காமலே, "அந்த மலையில் எங்கே நல்ல கொழுந்து" என்று கணக்கப்பிள்ளை அன்றைய சம்பளத்துக்கான பேரைக் கழித்துவிடுவார். பறித்தவள் கூடையை எடுத்துக் காட்டினாலும் பார்க்க மாட்டார்.

புகையைப் பற்றிப் பேசுவோம். பயம் பொய்யான பயம் இல்லை. எங்கள் லயங்களில் பெரும்பாலும் இன்றைக்கும் விறகு அடுப்புத்தான். புகைபோக்கி இல்லாத குசினியில் கூரைத் தகரம் கறுத்துக் கிடப்பதைப் பார்த்தே வளர்ந்தோம். வருடக்கணக்கில் அந்தப் புகையைச் சுவாசித்த பெண்களுக்கு மூச்சுக்குழாய் நோய் வருவது மருத்துவம் அறிந்த உண்மை. ஆகவே "இவர் வீட்டில் எந்த அடுப்பு" என்பது கேட்க வேண்டிய கேள்விதான். கேட்டுவிட்டு, அதனால் இந்த நுரையீரலுக்கு என்ன ஆகியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். இரத்த வாயு அதைச் சொல்லும், ஸ்கேன் சொல்லும், சத்திரசிகிச்சை நிபுணரின் கை சொல்லும். சிகரெட் விஷயத்தில் உலகம் இப்படித்தான் நடந்துகொள்கிறது. பிரித்தானியாவில் ஒரு தசாப்தத்துக்கு மேலான நுரையீரல் மாற்றுகளை ஆராய்ந்து 2012-ல் முடிவை வெளியிட்டார்கள். ஐந்தில் இரண்டு நுரையீரல்கள் புகைத்தவர்களிடமிருந்து வந்தவை. புகைக்காதவரின் நுரையீரல் கிடைத்தவர்களோடு ஒப்பிட்டால், புகைத்தவரின் நுரையீரல் கிடைத்தவர்களின் ஆயுள் குறைவுதான். ஆனால் அந்த நுரையீரலை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பட்டியலில் காத்திருப்பதைவிட, வாங்கிப் பொருத்திக்கொண்டவர்களே கூடுதலாகப் பிழைத்தார்கள். காசு கொடுத்துத் தானே வாங்கிப் புகைத்தவரின் நுரையீரலைச் சோதித்துப் பார்த்து ஏற்கிற உலகத்தில், அம்மாவின் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவனின் நுரையீரல் சோதனைக்கே தகுதி இல்லையா?

காசநோயும் அப்படித்தான். நெருக்கமான லயக் காம்பிராக்களில் அது பரவும் என்பது எனக்கும் தெரியும். நுரையீரலோடு சேர்ந்து கிருமியும் போய்ச் சேர்ந்தால், எதிர்ப்புச்சக்தியை அடக்கும் மருந்தில் இருக்கிற நோயாளிக்கு அது உயிராபத்து. அதனால் காசநோய் இயங்கிக்கொண்டிருக்கும் நுரையீரலை யாரும் எடுக்க மாட்டார்கள், எடுக்கவும் கூடாது. ஆனால் "இருக்கலாம்" என்பதற்கும் "இருக்கிறது" என்பதற்கும் நடுவில் ஒரு பரிசோதனை நிற்கிறது. மூச்சுக்குழாயைக் கழுவி எடுத்த நீரை ஜீன்எக்ஸ்பேர்ட் இயந்திரத்தில் போட்டால் சுமார் இரண்டு மணித்தியாலத்தில் பதில் வரும். கிருமி உறங்குநிலையில் இருக்கலாம் என்ற சந்தேகம் மட்டும் மிஞ்சினால், காசநோய் பரவலாக உள்ள நாடுகளில் பெறுபவருக்குத் தடுப்பு மருந்து கொடுத்துச் சமாளிக்கிறார்கள். இந்தியாவில் நுரையீரல் மாற்று நடக்கிறதே, அங்கே இல்லாத காசநோயா?

அம்மா இன்றைக்கும் ஒன்றைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்: "கடைசி வரைக்கும் மூச்சு மட்டுந்தானே ஓடிக்கிட்டு இருந்துச்சு, அதை எப்புடிக் கெட்டதுன்னு சொல்றாங்க?" ஓடியது இயந்திரம் கொடுத்த மூச்சு என்று விளக்கினேன். விளக்கும்போதுதான் இன்னொரு விஷயத்தை நானும் படித்தேன். மூளைச்சாவு நடந்த உடம்பில் எளிதில் கெட்டுவிடும் உறுப்புகளில் ஒன்று நுரையீரல். மூளை சாகும் நேரத்தில் உடம்பில் எழும் இரசாயனப் புயலில் இரத்த அமுக்கம் எகிறி நுரையீரலில் நீர் கோக்கும். விபத்து நேரத்தில் வாந்தி உள்ளே போயிருக்கலாம். வென்டிலேட்டரில் கிடக்கக் கிடக்கச் சளியும் தொற்றும் சேரும். இதனால்தான் பல நாடுகளில் உறுப்புதானம் செய்கிறவர்களில் ஐந்தில் ஒருவர் அளவில்தான் நுரையீரல் பயன்படுகிறது. ஆக, எங்கள் தம்பியின் நுரையீரலும் நியாயமான பரிசோதனையில் தோற்றிருக்கலாம். தோற்றிருந்தால் தோற்றது என்று எழுதுங்கள்.

இதில் உங்கள் கையில் இருப்பது நிறைய. 2010-ல் வெளியான ஐரோப்பிய ஆய்வு ஒன்றில், மூளைச்சாவு அடைந்த 118 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான வென்டிலேட்டர் முறை. மறுபிரிவுக்கு ஒரு மூச்சுக்கு உள்ளே தள்ளும் காற்றைக் குறைத்து, மூச்சு வெளியேறும்போதும் நுரையீரல் முழுதாகச் சுருங்கிவிடாதபடி அமுக்கத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தார்கள். தானாக மூச்சு விடுகிறாரா என்று பார்க்கும் சோதனையின்போதும் குழாயைச் சும்மா கழற்றிவிடாமல் அமுக்கத்தைத் தக்கவைத்தார்கள். முதல் பிரிவில் 27 வீதமானவர்களிடமிருந்து நுரையீரல் எடுக்க முடிந்தது. இரண்டாவது பிரிவில் 54 வீதம். புது இயந்திரம் எதுவும் வாங்கவில்லை. இருக்கிற இயந்திரத்தின் குமிழைத் திருப்பிய விதம்தான் வித்தியாசம். என் தம்பியின் கோப்பில் நுரையீரலை யாரும் காப்பாற்றப் பார்த்த அடையாளமே இல்லை. வேண்டாம் என்று முதலிலேயே தீர்மானித்த பொருளை யார் காப்பாற்றுவார்கள்?

சந்தேகமான நுரையீரலை உடம்புக்கு வெளியே வைத்தே சோதிக்கும் வழியும் உலகத்தில் வந்துவிட்டது. மூடிய ஒரு கூட்டுக்குள் 37 பாகை சூட்டில் வைத்து, திரவத்தை ஓடவிட்டு, மூச்சும் கொடுத்து, சில மணித்தியாலம் பார்த்துத் தீர்மானிக்கிறார்கள். சுவீடனில் ஸ்டிக் ஸ்டீன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் தொடக்கிவைத்ததை டொரொன்டோவில் வளர்த்தெடுத்து 2011-ல் நல்ல முடிவுகளை வெளியிட்டார்கள். அது விலை கூடிய வேலை. அதை நான் கேட்கவில்லை. நான் கேட்பது எக்ஸ்ரேயும் இரத்தமும் சளியும்.

இன்னும் இரண்டு விஷயங்கள். இவை மலையகத்துக்கே உரியவை, உங்கள் வழிகாட்டல்களை எழுதும்போது யாராவது நினைவுபடுத்தாவிட்டால் விடுபட்டுப் போகும்.

முதலாவது உயரம். 300 என்ற அந்த எல்லைக்கோடு கடல் மட்டத்தை வைத்துப் போடப்பட்டது. நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கடல் மட்டத்தில் 760 மில்லிமீற்றர் இரசமாக இருக்கும் வளிமண்டல அமுக்கம் அங்கே ஏறக்குறைய 610. அதில் நீராவிக்கு 47-ஐயும் காபனீரொட்சைட்டுக்கு 40-ஐயும் கழியுங்கள். 100 வீத ஒட்சிசன் கொடுத்தாலும் காற்றறைக்குள் இருக்கக்கூடிய ஒட்சிசன் அமுக்கம் கடற்கரையில் 673, நுவரெலியாவில் 523 அளவுதான். அதே நுரையீரல், அதே ஆரோக்கியம், எண் மட்டும் இறங்கிவிடுகிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கே நான் இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டலாம். நுரையீரல் செயலிழப்பை வரையறுக்கும் பெர்லின் வரைவிலக்கணத்தில் 1,000 மீற்றருக்கு மேலே இருக்கும் இடங்களுக்கு அந்த இடத்து வளிமண்டல அமுக்கத்தை 760-ஆல் வகுத்து, வரும் எண்ணால் பெருக்கித் திருத்தச் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கணக்கில் கடற்கரையின் 300, நுவரெலியாவில் சுமார் 240. அங்கே 260 காட்டுகிற நுரையீரலைக் கொழும்பில் இருந்து தொலைபேசியில் கேட்கிற ஒருவர் "முன்னூறு இல்லையே" என்று தள்ளிவிட்டால், அது நல்ல நுரையீரலைத் தள்ளியதாக இருக்கலாம். (தம்பி இருந்த ஆஸ்பத்திரியின் உயரத்தைச் சொன்னால் பெயரைச் சொன்ன மாதிரி ஆகிவிடும், அதனால் அவனுடைய 320-ஐ நான் இங்கே திருத்திக் காட்டவில்லை.)

இரண்டாவது அளவு. நுரையீரல் நெஞ்சுக்கூட்டுக்குள் பொருந்த வேண்டும். கொடுப்பவரின் உயரத்தையும் பால்நிலையையும் வைத்து அதன் கொள்ளளவைக் கணக்கிட்டுப் பெறுபவரோடு ஒப்பிடுகிறார்கள். உயரம் குறைந்த நோயாளிகள், குறிப்பாகப் பெண்கள், பொருத்தமான நுரையீரலுக்காக மற்றவர்களைவிட நீண்ட காலம் காத்திருக்கிறார்கள் என்பது வெளிநாடுகளின் அனுபவம். இப்போது எங்களைப் பாருங்கள். 2016-ன் தேசிய ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுக்க 17 வீதம், தோட்டத்துறையில் 32 வீதத்துக்குக் கிட்ட. இரண்டு நூற்றாண்டு அரைவயிற்றுச் சம்பளம் எங்கள் எலும்பில் எழுதிய கணக்கு அது. நாங்கள் குட்டையாக வளர்ந்தது எங்கள் குற்றமில்லை. ஆனால் மூச்சுத்திணறிக் காத்திருக்கும் ஒரு குட்டையான பெண்ணுக்கு, ஐந்தடி இரண்டு அங்குலம் உயரமான ஒரு தோட்டத்துப் பையனின் நுரையீரல்தான் பொருந்தும் என்றால், அதைப் பார்க்காமலே தள்ளிவிடுவது யாருக்கு நட்டம்? காத்திருக்கும் அந்தப் பெண் எங்கள் லயத்திலேயே இருக்கலாம் என்பதையும் சொல்லிவைக்கிறேன். புகை தின்ற நுரையீரல் எங்களிடம்தானே அதிகம். கொடுக்கவும் முடியாது, வாங்கும் பட்டியலிலும் பெயர் இல்லை என்றால் நாங்கள் இந்த ஏற்பாட்டில் எங்கே நிற்கிறோம்?

அந்த ஒரு வரி எங்கள் வீட்டுக்குள் என்ன செய்தது என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஆஸ்பத்திரியில் இருந்து செய்தி தோட்டத்துக்கு எங்களுக்கு முன்னமே வந்து சேர்ந்துவிட்டது. "நெஞ்சு சரியில்லன்னு எடுக்கலையாம்" என்பது கருமாதிக்குள் "அவனுக்கு டீ.பி. இருந்துச்சாம்" என்றானது. அவன் கொழும்பில் இருந்து கொண்டுவந்தான் என்று சிலர், அம்மாவிடம் இருந்து தொற்றியது என்று சிலர். தங்கைக்குப் பேசிக்கொண்டிருந்த இடத்தில் இருந்து, கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம் என்று சொல்லி அனுப்பினார்கள். அம்மாவின் கையால் தேத்தண்ணி வாங்கிக் குடிக்கத் தயங்கியவர்களை நான் கண்ணால் பார்த்தேன். காசநோய் வந்தால் மருந்தெடுத்துக் குணமாகலாம், அது அவமானமில்லை என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பவள் நான். ஆனால் வராத நோயை ஒருவன் செத்த பிறகு அவன் தலையில் கட்டுவது வேறு விஷயம். அதற்குப் பிறகு எங்கள் டிவிசனில் இன்னொரு வீட்டில் இதே மாதிரி ஒரு துயரம் நடந்தபோது, அவர்கள் எந்த உறுப்பையும் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். நான் போய்ப் பேசவில்லை. என்ன சொல்லிப் பேசுவது?

1961-ல் டொக்டர் ஹட்சன் சில்வா கண்தானச் சங்கத்தைத் தொடங்கிய நாடு இது. வெளிநாடுகளுக்கெல்லாம் கண் அனுப்பியவர்கள் என்று பாடப்புத்தகத்தில் பெருமையாகப் படிக்கிறோம். அந்தப் பெருமை மக்கள் நம்பிக் கொடுத்ததால் வந்தது. உறுப்பு மாற்றுக்கான 48ஆம் இலக்கச் சட்டம் 1987-ல் வந்தது. தமிழை அரசகரும மொழியாக்கிய பதின்மூன்றாவது திருத்தமும் அதே வருடம்தான். இரண்டும் ஒரே வயதுடையவை. அப்படியிருந்தும் அம்மா முன்னால் நீட்டப்பட்ட சம்மதப் படிவத்தில் தமிழ் இருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்யும் ஒரு தமிழ்ப் பிள்ளைதான் விளக்கிச் சொல்லியது. நல்ல மனதோடு சொல்லியது, ஆனால் அது அந்தப் பிள்ளையின் வேலையா? எனக்கு வந்த பதிலும் சிங்களத்தில் என்பதை மேலே சொன்னேன். லயத்துக்குத் தனி முகவரி கிடையாது, தோட்ட ஒபிசுக்கு வந்து, அங்கே பலர் கை மாறி, பிரிக்கப்பட்ட நிலையில்தான் அது எங்களிடம் வந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் 2023-ல் இருந்து உறுப்புதானம் செய்தவரின் இறுதிச்சடங்கை அரச மரியாதையோடு நடத்துகிறார்கள். அந்த அளவுக்கு நாங்கள் ஆசைப்படவில்லை.

நாங்கள் கேட்பவை இவை.

உறுப்பு ஒன்றைப் பொருத்தமற்றது என்று எழுதும்போது, எந்தப் பரிசோதனை, என்ன முடிவு, யார் தீர்மானித்தது என்ற மூன்றும் இல்லாமல் அந்தப் பதிவு செல்லாது என்று எழுத்தில் சுற்றறிக்கை அனுப்புங்கள். தோட்டம், லயம், சாதி, தொழில், மாவட்டம் எதுவும் தனியே ஒரு காரணமாக நிற்கக் கூடாது. புகையோ காசநோயோ சந்தேகம் என்றால் அதற்குரிய பரிசோதனையின் பெயரும் பதிலும் பக்கத்தில் இருக்க வேண்டும். பொருத்துவதற்கு ஏற்பாடோ ஆளோ இல்லாததால் எடுக்கவில்லை என்றால், அந்த உண்மையை அப்படியே எழுதச் சொல்லுங்கள்.

மூளைச்சாவு அடைந்தவரின் பராமரிப்பு வழிகாட்டலில் நுரையீரலைப் பாதுகாக்கும் வென்டிலேட்டர் முறையைச் சேருங்கள், அதற்கான பயிற்சியைக் கண்டியோடும் கொழும்போடும் நிறுத்தாமல் மலையகத்துத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கும் கொடுங்கள். 1,000 மீற்றருக்கு மேலே உள்ள ஆஸ்பத்திரிகளில் எடுக்கும் இரத்த வாயு அளவுகளை உயரத்துக்கேற்பத் திருத்திய பிறகே எல்லைக்கோட்டோடு ஒப்பிட வேண்டும் என்று அதே வழிகாட்டலில் ஒரு பந்தி எழுதுங்கள். கணக்குப் போட்டுக் கொடுக்க நானே வருகிறேன்.

நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை மாவட்டங்களில் உறுப்புதானம் பற்றிக் குடும்பத்தோடு பேசுவதற்குத் தமிழ் தெரிந்த, அதற்கென்று பயிற்றப்பட்ட ஒருவரை நியமியுங்கள். சம்மதப் படிவம் தமிழில் இருக்கட்டும். எது எடுக்கப்பட்டது, எது எடுக்கப்படவில்லை, ஏன் என்பதைக் குடும்பத்துக்கு ஒரு மாதத்துக்குள் தமிழில் கடிதமாகக் கொடுங்கள். பெறுபவர் யார் என்று நாங்கள் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டோம்.

கடைசியாக என் தம்பி. அவனுக்குக் காசநோய்க்கான பரிசோதனை எதுவும் செய்யப்படவில்லை, அந்த நோய் இருந்ததற்குக் கோப்பில் எந்தச் சான்றும் இல்லை என்று பொறுப்பான அதிகாரி ஒருவரின் கையெழுத்தோடு அம்மாவின் பெயருக்கு ஒரு கடிதம் வேண்டும். தமிழில் வேண்டும். கோப்பில் உள்ள அந்த வரிக்குப் பக்கத்தில் திருத்தக் குறிப்பு ஒன்றும் வேண்டும். கடிதத்தைத் தோட்ட ஒபிசுக்கு அனுப்ப வேண்டாம். என் விண்ணப்பத்தில் பாடசாலை முகவரி இருக்கிறது, அதற்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு விஞ்ஞான ஆசிரியை,
ஹட்டன்.